செவ்வந்திக் கல்லின் சாட்சியம்

நம் பாட்டனார் விட்டுச் சென்ற வெள்ளி மோதிரம் ஒன்று நெடுங்காலமாக நம் இல்லத்துப் பெட்டகத்தில் இருந்து வருகிறது. வாணிபத்தின் பொருட்டு அவர்கள் இலங்கைக்குச் சபர் சென்று வந்த நாளில் பேருவளையில் வாங்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாவற்பழச் சாற்றைத் தண்ணீரில் கரைத்தாற் போன்ற நிறமுடைய சிறு கல் அதில் பதிக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால், கல்லினுள்ளே மயிரிழை போன்ற பழுப்புக் கோடுகள் மூன்று நான்கு தென்படும்.

சில ஆண்டுகளுக்கு முன், கல் ஆடுகிறதென்று அம்மோதிரத்தை நகரத்துக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். “உள்ளே கோடு ஓடுகிறது. தோஷமுள்ள கல். இதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. கொடுத்துவிட்டுச் சுத்தமான கல்லாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். மேற்கொண்டு தரவேண்டிய தொகையையும் சொன்னார். நாம் மறுத்து மோதிரத்தை எடுத்து வந்துவிட்டோம். ஆயினும் செய்தி வீட்டில் பரவிவிட்டது. அந்த ஆண்டு குடும்பத்தில் நேர்ந்த நோய்க்கும் கடனுக்கும் காரணம் அகப்பட்டுவிட்டதாகவே சிலர் எண்ணத் தொடங்கினர். ஐவேளை தொழுகின்ற வீட்டிலும், ஒரு சிறு கல்லின் மேல் அச்சம் இவ்வளவு எளிதாகக் குடியேறிவிடுகிறதே என்று நாம் வருந்தினோம்.

அந்த வருத்தமே இக்கல்லின் வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டியது. படித்ததில் தெளிந்த உண்மை ஒன்று உண்டு. கல்லுக்குள்ளே இருப்பது மெய். கல்லைச் சுற்றி மனிதன் கட்டியவற்றில் பெரும்பகுதி பொய். இதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பெயரும் நிறமும்

தமிழில் இதனைச் செவ்வந்திக் கல் என்கிறோம். வடநாட்டார் நாவற்பழத்தை நினைந்து ஜமுனியா என்பர். அரபு, பார்ஸி நூல்கள் ஜமஸ்த் என்று குறிக்கின்றன. அமெதிஸ்ட் என்னும் ஐரோப்பியப் பெயர் கிரேக்க மொழியிலிருந்து பிறந்தது. அதன் கதையைப் பின்னர்க் காண்போம். நவமணிகளின் வரிசையில் செவ்வந்திக் கல்லுக்கு இடமில்லை. இருப்பினும், நீலக்கல் வாங்க வசதியற்றவர்களுக்கு அதன் மாற்று என்று சொல்லி இதனை விற்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு.

இது பளிங்கு இனத்தைச் சேர்ந்தது. ஆற்று மணலில் மின்னும் துகளும், தெளிந்த படிகமும், செவ்வந்திக் கல்லும் ஒரே பொருளால் ஆனவை; சிலிக்கனும் ஆக்ஸிஜனும் கூடிய கூட்டே அப்பொருள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அதிலிருந்த வாயுக் குமிழிகள் பாறைக்குள் பொந்துகளை விட்டுச் செல்கின்றன. பின்னர்ப் பன்னெடுங்காலம் அப்பொந்துகளில் ஊறிய நீர், தான் சுமந்து வந்த சிலிக்காவைச் சிறிது சிறிதாகச் சுவரில் படிய வைக்கிறது. தென் அமெரிக்காவில் பிரேஸிலின் ரியோ கிராண்டி டு சுல் மாநிலத்திலும், உருகுவேயின் ஆர்டிகாஸ் பகுதியிலும் இத்தகைய பாறை உருண்டைகள் ஏராளம். வெளியே பார்த்தால் கரடுமுரடான கருங்கல். பிளந்தாலோ, மாதுளையின் உட்புறம் போல ஊதா நிறக் கூர்முனைகள் நெருங்கி நின்று ஒளிரும்.

அக்கூர்முனைகளை உற்று நோக்கினால் நிறம் ஒரே சீராக இராது. அடிப்பகுதி வெளிறியும், நுனி அடர்ந்தும் இருக்கும். ஊதாவும் வெண்மையுமாகப் பட்டை பட்டையாக நிறம் மாறுவதையும் காணலாம். படிகம் வளர்ந்த காலத்தில் நீரின் தன்மை மாறிய வரலாறே அப்பட்டைகள். நிறத்துக்குக் காரணமோ மிக எளியது. பத்து லட்சம் பங்கில் சில பத்து அல்லது சில நூறு பங்கு மட்டுமே கலந்துள்ள இரும்பு, சுற்றியுள்ள பாறைகளிலிருந்து இயற்கையாக எழும் கதிர்வீச்சினால் மாற்றமடைந்து இவ்வூதா நிறத்தைத் தருகிறது. நெருப்பில் காட்டினால் அந்நிறம் அகன்று, பெரும்பாலான கற்கள் மஞ்சளாக மாறிவிடும். சிட்ரின் என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் மஞ்சள் கற்களுள் பல, சூடேற்றிய செவ்வந்திக் கற்களே. ஒரு பெயருக்கு ஒரு ராசியும், மற்றொரு பெயருக்கு மற்றொரு ராசியும் சொல்லி விற்பவர்கள் இதனை வாங்குவோரிடம் சொல்வதில்லை!

கல்லினுள்ளே ஓர் ஏடு

இனி, நம் மோதிரத்தில் ‘தோஷம்’ எனப்பட்ட கோடுகளுக்கு வருவோம்.

படிகம் வளரும்போது அண்மையிலிருக்கும் பிற பொருள்களையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. செவ்வந்திக் கல்லில் பழுப்பு நிற ஊசிகளாகக் காணப்படுபவை பெரும்பாலும் கோதைட் என்னும் இரும்புக் கனிமம். ஜெர்மானிய மகாகவி கதேயின் பெயரால் 1806ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஷீராஸ் நகரத்து ஹாஃபிஸின் கவிதைகளில் உள்ளம் பறிகொடுத்து, 1819இல் ‘மேற்கு கிழக்கு திவான்’ என்ற நூலை வெளியிட்ட அதே கதேதான். சிவந்த செதிலாகத் தோன்றுவது ஹெமடைட் என்னும் மற்றோர் இரும்புக் கனிமம். இவையன்றி, வரிப்புலியின் உடல் போலவும், கைரேகை போலவும் அலையலையான கோடுகளும் உண்டு. பூமிக்குள் இருக்கும்போதே கல்லில் விரிசல் கண்டு, அவ்விரிசலில் மீண்டும் நீர் புகுந்து அதை ஆற்றிவிட்டதன் தழும்பு அது.

எல்லாவற்றினும் வியப்புக்குரியது, சில கற்களில் சிறைப்பட்டிருக்கும் நீர்த்துளி. கண்ணுக்கெட்டாத சிறு குழியில் துளி நீரும், அதன்மேல் ஒரு குமிழியும் இருக்கும். அந்நீர், கல் பிறந்த நாளில் பாறையிடுக்கில் ஓடிய அதே நீர். ஆய்வாளர்கள் அத்தகைய துளிகளைச் சூடாக்கி, குமிழி எந்த வெப்பத்தில் மறைகிறது என்று அளந்து, கல் எந்த வெப்பத்தில் உருவாயிற்று என்பதைக் கணிக்கின்றனர். எரிமலைப் பாறையில் விளைந்த செவ்வந்திக் கற்கள் பலவும், நெருப்புக் குழம்பின் வெப்பத்தில் பிறந்தவையல்ல. அடுப்பில் கொதிக்கும் நீரைவிடக் குறைந்த வெப்பத்தில் விளைந்தவை என்பது இவ்வாறு தெரியவந்த உண்மை.

கடைக்காரர் தோஷம் என்று சொன்னது எது? கல்லின் பிறப்பு வரலாற்றை எழுதி வைத்திருக்கும் ஏடு அது!

பாலைவனத்துச் சுரங்கங்கள்

இக்கல்லை மனிதன் தேடத் தொடங்கிய காலம் மிகப் பழையது. எகிப்தில் அஸ்வான் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், வாதி அல்ஹூதி என்னும் பாலைவனப் பள்ளத்தாக்கு இருக்கிறது. இன்றைக்கு ஏறக்குறைய நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன், ஃபிர்அவ்ன்களின் ஆட்கள் அங்கு சென்று செவ்வந்திக் கல் தோண்டினர். அவர்கள் தங்கிய கல் வீடுகளும், பாறைகளில் பொறித்து வைத்த எழுத்துகளும் இன்றும் காணக் கிடைக்கின்றன. எகிப்தியத் தொல்பொருள் அறிஞர் அஹ்மத் ஃபக்ரீ அவ்வெழுத்துகளைப் படியெடுத்து 1952இல் நூலாக வெளியிட்டார். அரசகுலப் பெண்டிரின் மணிமாலைக்காக நீரற்ற பாலையில் உழைத்தோர் பலர். மாலை அணிந்தவர்களின் உடல் மண்ணாயிற்று. மணிகளோ அருங்காட்சியகங்களில் நிறம் மாறாமல் கிடக்கின்றன.

நம் தமிழகமும் இதில் பின்தங்கியதன்று. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றோடு செவ்வந்திக் கல் மணிகளும் கிடைத்துள்ளன. கடலோர அரிக்கமேட்டிலும் அவ்வாறே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, செவ்வந்திக் கற்களுள் இந்தியாவினதே முதல் தரம் என்று எழுதி வைத்தார்.

அரபு நாட்டிலும் இக்கல் கிடைத்தது. மதீனா மாநகரிலிருந்து மூன்று நாள் பயணத் தொலைவிலுள்ள ஸஃப்ரா என்னும் ஊரில் ஜமஸ்த் கிடைப்பதாக அரபு இரத்தின நூல்கள் கூறுகின்றன. பத்ருப் போரின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அவ்வூரின் பெயர் பழக்கமானதே. அரபுகள் தங்கள் படைக்கலங்களை இக்கல்லால் அணி செய்தனர் என்றும் அந்நூல்கள் தெரிவிக்கின்றன.

மதுவும் மணிக்கல்லும்

கிரேக்கச் சொல்லான அமெதுஸ்தோஸ் என்பதற்குப் ‘போதை கொள்ளாதது’ என்று பொருள். இக்கல்லை அணிந்தால், அல்லது இக்கல்லாலான கிண்ணத்தில் அருந்தினால், மது மயக்கம் தராது என்று கிரேக்கரும் ரோமரும் நம்பினர். ஆனால் அக்காலத்திலேயே ஐயுற்றவர்களும் இருந்தனர். பிளினி இதனை மந்திரவாதிகளின் பொய்யுரை என்று தள்ளினார். புளூட்டார்க், நீர் கலந்த மதுவின் நிறம் கல்லுக்கு இருப்பதாலேயே அப்பெயர் வந்தது, போதையைத் தடுக்கும் ஆற்றலால் அன்று என்று கூறினார். அறிஞர் இருவர் மறுத்தும், அந்நம்பிக்கை சாகவில்லை.

அது கடல் கடந்து நம் நூல்களுக்குள்ளும் புகுந்தது. ஹிஜ்ரி 651இல் (கி.பி. 1253) கெய்ரோவில் காலமான அஹ்மத் அத்தீஃபாஷி, இருபத்தைந்து வகைக் கற்களைப் பற்றி ‘அஸ்ஹாருல் அஃப்கார்’ என்னும் சிறந்த நூலை இயற்றினார். கற்களின் விளைநிலம், தரம், விலை ஆகியவற்றைப் பற்றி அவர் தருவன அரிய செய்திகள். அத்தகையவரும், ஜமஸ்த் கிண்ணத்தில் அருந்துவோருக்குப் போதை ஏறாது என்ற பழங்கதையை எழுதாமல் விடவில்லை.

இங்கே நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. மதுவையே விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்தவனுக்கு, போதையைத் தடுக்கும் கிண்ணம் எதற்கு? குடிக்காதவனுக்கு அது தேவையில்லை. குடிப்பவனை அது காக்கவும் போவதில்லை. தன் மனத்தால் செய்ய வேண்டிய கட்டுப்பாட்டைக் கல்லின் தலையில் சுமத்தும் சோம்பலே இந்நம்பிக்கையின் வேர் என்று நாம் கருதுகிறோம்.

இக்கல் பிற சமயங்களிலும் அடையாளமாக விளங்கியது. யூதத் தலைமைக் குருவின் மார்புப் பதக்கத்தில் இருந்த பன்னிரு கற்களுள் ஒன்று செவ்வந்திக் கல் என்று பொதுவாக மொழிபெயர்க்கின்றனர். கிறித்தவ ஆயர்களின் மோதிரத்திலும் இது இடம்பெற்றது. பிரிட்டிஷ் மன்னர்கள் முடிசூட்டு விழாவில் ஏந்தும் பொற்கோளத்தின் உச்சியில், சிலுவைக்கு அடியில் இருப்பதும் ஒரு செவ்வந்திக் கல்லே. அடையாளமாகக் கொள்வது வேறு. ஆற்றல் உடையதென அஞ்சுவது வேறு. முன்னது ஒரு மொழி. பின்னது ஒரு விலங்கு.

அல்பிரூனியின் தராசு

கேட்டதை அப்படியே எழுதாமல், கண்டதை மட்டும் உறுதி சொல்லும் நெறியை நமக்குக் காட்டியவர் அறிஞர் பெருமகனார் அபூரைஹான் அல்பிரூனி ஆவார். ஹிஜ்ரி 362இல் (கி.பி. 973) குவாரிஸ்மில் பிறந்த அவர், இந்தியாவைப் பற்றி எழுதிய நூலால் நம் நாட்டவருக்கு நன்கு அறிமுகமானவர். தம் முதுமைப் பருவத்தில் கஸ்னா நகரில், சுல்தான் மஹ்மூதின் பேரர் சுல்தான் மவ்தூதின் ஆட்சிக் காலத்தில், ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் இரத்தின நூலை அவர் இயற்றினார். பல நூற்றாண்டுகள் கையெழுத்துப் படியாகவே கிடந்த அந்நூலை ஹிஜ்ரி 1355இல் (கி.பி. 1936) அச்சேற்றிய பெருமை நம் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யாவுக்கு உரியது.

மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகிவிடும் என்று அக்காலத்தார் ஒருமுகமாக நம்பினர். நூலுக்கு நூல் அது எழுதப்பட்டிருந்தது. அல்பிரூனி என்ன செய்தார்? பாம்பு ஒன்றை வரவழைத்தார். அதன் கழுத்தில் மரகத மாலையை அணிவித்தார். அதன் கண்ணுக்கு எதிரே மரகதத்தைக் காட்டினார். கோடையிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் இச்சோதனையை நடத்தினார். பாம்பின் கண்ணுக்கு ஒரு கேடும் நேரவில்லை; அதன் பார்வை கூர்மையாகியிருந்தால்தான் உண்டு என்று நகைச்சுவையோடு எழுதி வைத்தார். ஆயிரம் பேர் சொல்லிவிட்டதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதை ஒரு பாம்பின் துணைகொண்டு மெய்ப்பித்தார் அப்பெருந்தகை!

பளிங்கைப் பற்றிப் பேசுமிடத்தில், அது ஆதியில் நீர்மமாக இருந்து பின்னர் இறுகியது என்று அவர் கருதுகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று, பளிங்கினுள்ளே சிக்கிக் காணப்படும் அந்நியப் பொருள்களே. கல்லின் குறையில் அவர் தோஷத்தைக் காணவில்லை, சாட்சியத்தைக் கண்டார். இன்றைய ஆய்வுக்கூடத்தில் நீர்த்துளியைச் சூடாக்கி அளப்போர், அவர் தொடங்கிய விசாரணையைத்தான் நுண்கருவிகளோடு தொடர்கின்றனர்.

கற்களை இனம் காண அவர் தராசையும் கையாண்டார். நிறைகுடம் போன்ற ஒரு கலத்தில் நீரை விளிம்புவரை நிரப்பி, கல்லை இட்டால் வழிந்தோடும் நீரை நிறுத்து, கல்லின் அடர்த்தியை ஒப்பிட்டார். மணிக்கற்களுக்கு நீலக்கல்லை 100 என அளவுகோலாக வைத்துக்கொண்டார். பின்னர் அல்காஸினி தம் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலில் இவ்வளவுகளைப் பேணி வைத்தார். இன்றைய அளவின்படி பளிங்கின் அடர்த்தி 2.65, நீலக்கல்லின் அடர்த்தி 4. அதாவது நீலக்கல் 100 என்றால் செவ்வந்திக் கல் 66 மட்டுமே. நீலத்துக்கு மாற்று என்று சொல்லப்படும் கல், பொருளாலும் எடையாலும் நீலத்துக்கு எவ்வித உறவுமில்லாதது என்பதை அல்பிரூனியின் கலமே காட்டிக் கொடுத்துவிடும்.

புதிதாய்ப் பிறந்த பழங்கதைகள்

அறிவு வளர்ந்த பிற்காலத்தில் கட்டுக்கதைகள் குறைந்தனவா? இல்லை, கூடின.

அமெதிஸ்ட் என்ற கன்னிப் பெண், மது தெய்வத்திடமிருந்து தப்பக் கல்லாக மாறினாள் என்றும், அதன்மேல் மது வார்க்கப்பட்டதால் ஊதா நிறம் வந்ததென்றும் ஒரு கதையைப் பல நூல்கள் கிரேக்கப் புராணம் என்று கூறுகின்றன. உண்மையில் அது கிரேக்கர் அறியாத கதை. ரெமி பெலோ என்னும் பிரெஞ்சுக் கவிஞர் 1576இல் வெளியிட்ட கவிதையில் கற்பனையாகப் படைத்தது.

மற்றொன்று நம் நாட்டோடு தொடர்புடையது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ‘டெல்லி ஊதா நீலக்கல்’ என்னும் பெயரில் ஒரு கல் இருக்கிறது. அது நீலக்கல்லும் அன்று, செவ்வந்திக் கல்தான். அதன் உரிமையாளராயிருந்தவர் எட்வர்ட் ஹெரான் ஆலன். பார்ஸி மொழி கற்று, உமர் கையாமின் ருபாயியாத்தை 1898இல் ஆங்கிலத்தில் பெயர்த்த புலவர் அவர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கான்பூர் இந்திரன் கோயிலிலிருந்து அக்கல் கொள்ளையடிக்கப்பட்டது என்றும், வைத்திருந்தோர் அனைவரையும் அது அழித்தது என்றும், கால்வாயில் எறிந்தும் தம்மிடமே திரும்பி வந்தது என்றும் 1904இல் ஒரு கடிதம் எழுதி, கல்லோடு வைத்துப் பூட்டினார். 1943இல் அவர் மறைந்தபின் அவருடைய மகள் அதை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். ஆனால் 1921இல் அவரே புனைபெயரில் ‘ஊதா நீலக்கல்’ என்னும் கதையை வெளியிட்டிருந்தார். கதைக்கு வலுவூட்டவே அச்சாபத்தை அவர் புனைந்திருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தாரின் கருத்து. ஒரு மனிதரின் கற்பனை, ஒரு கல்லின் சாபமாகி, இன்றும் பலரை அஞ்ச வைக்கிறது.

கல்லின் மதிப்பும் மனிதனின் மதிப்பும்

ஒரு காலத்தில் மாணிக்கம், மரகதம், நீலம் ஆகியவற்றோடு ஒரு தட்டில் வைத்து எண்ணப்பட்ட செவ்வந்திக் கல், 19ஆம் நூற்றாண்டில் பிரேஸிலிலிருந்து குவியல் குவியலாக வந்ததும் விலை வீழ்ந்தது. கல் மாறவில்லை, அதன் ‘ஆற்றல்’ மட்டும் மலிந்துபோயிற்று. 1970களிலிருந்து ஆய்வுக்கூடங்களில் விளைந்த செவ்வந்திக் கற்களும் சந்தையை நிறைக்கின்றன. உள்ளே மாசுமறுவற்று, பார்வைக்குக் குறையேயின்றி அவற்றில் பல விளங்குகின்றன. பூமியில் விளைந்த கல்லையும் பட்டறையில் விளைந்த கல்லையும் பிரித்தறிய வல்லுநர்கள் தேடும் அடையாளங்களுள் முக்கியமானது உள்ளே இருக்கும் இயற்கைக் கறை! ‘தோஷமற்ற’ கல்லைக் கேட்டு வாங்குவோர் எதனை வாங்கி வருகிறார்களோ, யாரறிவார்?

மோதிரம் அணிவது நமக்கு விலக்கப்பட்டதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் செய்வித்தது, அரசர்களுக்கு அனுப்பும் திருமுகங்களில் முத்திரையிடும் பொருட்டு என்பதை வரலாறு கூறுகிறது. அங்கே மோதிரத்துக்கு ஒரு பணி இருந்தது. ஒரு மாயம் இல்லை. அகீக் கல்லை அணிந்தால் வறுமை நீங்கும் என்பன போன்ற செய்திகள் ஆதாரமற்றவை என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் எப்போதோ தீர்ப்புக் கூறிவிட்டனர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட வேளையில், அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல்லே என்பதைத் தாம் அறிவதாகவும், நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டதாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் மக்கள் கேட்கச் சொன்னார்கள். உலக முஸ்லிம்கள் அனைவரும் மதிக்கும் கல்லைப் பற்றியே அவ்வாறு கூறப்பட்டிருக்க, கடைவீதியில் விலை பேசி வாங்கும் கல்லுக்கு நம் வீட்டின் நோயையும் செல்வத்தையும் ஒப்படைப்பது எங்ஙனம் தகும்?

இவற்றையெல்லாம் நம் வீட்டாருக்கு எடுத்துச் சொன்னோம். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து, மோதிரத்தைச் சாளரத்தின் அருகே வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் செய்தோம். பழுப்பு ஊசிகள் தெளிவாகத் தெரிந்தன. அச்சம் அனைவருக்கும் ஒரே நாளில் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். வயது முதிர்ந்த ஒருவர் இன்னும் அம்மோதிரத்தைத் தொடுவதில்லை. ஆனால் பிள்ளைகள் விடுமுறை நாள்களில் பெட்டகத்தைத் திறக்கச் சொல்லி, “கல்லுக்குள்ளே இருக்கிற ஊசியைக் காட்டுங்கள்” என்று கேட்கின்றனர்.

மோதிரத்தின் கல்லை மாற்றவில்லை. ஆடிய பிடியை மட்டும் வேறொரு தட்டாரிடம் கொடுத்து இறுக்கி வைத்திருக்கிறோம்.